போடிபை 493/503: ஈஸ்ட்டின் கொழுப்புத் துளிகளைப் பார்க்க வாங்கலாமா?

வாங்கலாம். எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஈஸ்ட் செல்லுக்குள் கொழுப்பு எங்கே இருக்கிறது, எத்தனை துளியாகக் கிடக்கிறது, கையில் இருக்கும் மியூட்டன்ட்டில் (ஜீன் மாறிய ஈஸ்ட்டில்) துளி பெருத்திருக்கிறதா என்ற கேள்விகளுக்கு இந்தப் பச்சைச் சாயம் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடும். அந்தக் கொழுப்பு என்ன வகை, எத்தனை மைக்ரோகிராம் என்று கேட்டால் பதில் வராது. இந்தச் சாயத்தின் மேல் வரும் புகார்களில் பல, அதனால் சொல்ல முடியாததை அதனிடம் கேட்டதால் வருபவை. மற்றவற்றில் பெரும்பாலானவை சரியாகக் கழுவாததால் வருபவை.

முதலில், எதைப் பார்க்கிறோம் என்பது. சாக்கரோமைசிஸ் செரிவிசியே, அதாவது பேக்கரி ஈஸ்ட், சர்க்கரை தாராளமாக இருக்கும்போது தயாரிக்கும் கொழுப்பு அமிலங்களைப் பெரும்பாலும் புதிய சவ்வு கட்டவே செலவழிக்கும். ஊட்டம் தீர்ந்து வளர்ச்சி மந்தமானதும் கணக்கு மாறுகிறது. கொழுப்பு அமிலங்கள் டிரைகிளிசரைடாகவும், உபரி ஸ்டெரால்கள் (கொலஸ்ட்ரால் வகைச் சவ்வுக் கொழுப்புகள்) ஸ்டெரால் எஸ்டராகவும் மாற்றப்பட்டுச் சேமிப்புக்குப் போகின்றன. டிரைகிளிசரைடின் கடைசிப் படியைச் செய்பவை டிஜிஏ1, எல்ஆர்ஓ1 என்ற இரண்டு நொதிகள். ஸ்டெரால் எஸ்டருக்கு ஏஆர்இ1, ஏஆர்இ2. இவை வேலை செய்யும் இடம் பெரும்பாலும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற உட்சவ்வு வலை. அந்தச் சவ்வின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே எண்ணெய் திரண்டு, ஒற்றை அடுக்கு பாஸ்போலிப்பிட் போர்வையோடு சைட்டோபிளாசத்தின் பக்கம் புடைத்து வரும். அதுதான் கொழுப்புத் துளி. ஒரு செல்லில் சில துளிகள், ஒவ்வொன்றும் சுமார் 400 நானோமீட்டர் குறுக்களவு. சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டும் எல்லை 200-250 நானோமீட்டர் என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிளைகோஜனும் ட்ரெஹலோஸும் ஈஸ்ட்டின் சர்க்கரைச் சேமிப்பு. கிராமுக்குக் கிராம் பார்த்தால் கொழுப்பில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் உண்டு. ஆனால் ஆற்றலுக்காக மட்டும் சேர்ப்பதில்லை. ஊட்டம் திரும்பக் கிடைத்ததும் டிஜிஎல்3, டிஜிஎல்4, டிஜிஎல்5 என்ற லிப்பேஸ்கள் டிரைகிளிசரைடை உடைக்கும். ஸ்டெரால் எஸ்டரை உடைக்க ஒய்இஎச்1, ஒய்இஎச்2, டிஜிஎல்1. வெளியே வரும் கொழுப்பு அமிலத்தின் ஒரு பகுதி புதிய மொட்டின் சவ்வுக்குப் போகும். எரிக்க வேண்டியது பெராக்சிசோமுக்குப் போகும். ஈஸ்ட்டில் கொழுப்பு அமிலத்தை எரிக்கும் பீட்டா ஆக்சிடேஷன் அங்கே மட்டும்தான், மைட்டோகாண்ட்ரியாவில் கிடையாது. ஆகவே 'துளி குறைந்தது' என்ற ஒரே காட்சிக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். எது என்று சாயத்துக்குத் தெரியாது.

இனி சாயம். பெயரில் இருக்கும் எண்கள் ஒளியின் அலைநீளங்கள்: 493 நானோமீட்டரில் தூண்டினால் 503இல் ஒளிரும். மின்னூட்டம் இல்லாத, 262 டால்டன் எடையுள்ள சின்ன மூலக்கூறு. அதனால் உயிருள்ள செல்லின் சுவரையும் சவ்வையும் தாண்டி எண்ணெய் உள்ள இடத்தில் போய்க் கரைந்துவிடுகிறது. சாதாரண எஃப்ஐடிசி (பச்சை ஒளிர்வுக்கான) ஃபில்டர் போதும். கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் 488 நானோமீட்டர் லேசர். உமிழ்வுப் பட்டை குறுகியது. சிவப்புச் சேனலை இன்னொரு புரதத்துக்கு ஒதுக்க நினைப்பவர்களுக்கு இதுதான் பெரிய வசதி.

விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 10 மில்லிகிராம் குப்பியை 10 மி.லி. டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்தால் மி.லி.க்கு 1 மில்லிகிராம், அதாவது 3.8 மில்லிமோலார் ஸ்டாக் (செறிந்த மூலக் கரைசல்). ஒரு மி.லி. செல் கரைசலுக்கு இதில் 1 மைக்ரோலிட்டர் போதும். அப்படியானால் ஒரு குப்பியில் பத்தாயிரம் சாயமேற்றல். குப்பி தீர்வதற்கு முன் கெட்டுப்போவதுதான் உண்மையான செலவு. ஸ்டாக்கை 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, அலுமினியத் தாளில் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். மொத்தக் குப்பியையும் ஒரே நாளில் கரைக்க வேண்டியதில்லை. 1 அல்லது 2 மில்லிகிராம் எடைபோட்டுக் கரைத்துக்கொண்டு மீதியைத் தூளாகவே வைத்தால் நீண்ட நாள் வரும். டிஎம்எஸ்ஓ 18 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். வெளியே எடுத்த பங்கு முழுதாக உருகி, வோர்டெக்ஸில் ஒரு சுற்றுச் சுற்றிய பிறகே பிப்பெட்டை வைக்க வேண்டும். பாதி உருகிய ஸ்டாக்கில் எடுத்தால் ஒரு நாள் மங்கல், மறுநாள் கண்கூசும் வெளிச்சம்.

செய்முறை எளிது. ஓடி 600இல் (600 நானோமீட்டர் ஒளியில் அளந்த கலங்கலில்) 1 அளவுக்குச் சமமான செல்களை (ஒரு மி.லி.யில் ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று கோடி செல்) 3000 ஜி விசையில் 2 நிமிடம் சுழற்றி இறக்கி, பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசலில்) ஒரு முறை கழுவி, 1 மி.லி. பிபிஎஸ்ஸில் கலக்கவும். கலங்கிக்கொண்டிருக்கும்போதே 1 மைக்ரோலிட்டர் ஸ்டாக்கைச் சேர்க்கவும். அடியில் படிந்த செல்லின் மேல் நேராகச் சாயத்தை விட்டால் ஒரு பக்கத்துச் செல்கள் மட்டும் மொத்தத்தையும் குடித்துவிடும், தண்ணீர் பட்ட இடத்தில் சாயம் துணுக்குகளாகப் பிரியும். அறை வெப்பத்தில், இருட்டில், 10 நிமிடம். பிறகு இரண்டு முறை கழுவி 50 மைக்ரோலிட்டரில் கலக்கி, 2-3 மைக்ரோலிட்டரை ஸ்லைடில் வைத்து 1.5 எண் கவர்ஸ்லிப் போடவும். செல் மிதந்து நகர்ந்தால் கவர்ஸ்லிப்புக்குக் கான்கனாவலின் ஏ பூச்சு, அல்லது ஸ்லைடில் 1 சதவீத அகரோஸ் மெத்தை. 100எக்ஸ் ஆயில் லென்ஸ், 0.2-0.3 மைக்ரோமீட்டர் இடைவெளியில் செல்லின் முழு ஆழத்துக்கும் அடுக்குப் படம். ஒரே தளத்தில் எடுத்த படத்தில் துளிகளை எண்ணி அட்டவணை போடுவது வீண்வேலை. மேலும் கீழும் இருக்கும் துளிகள் எண்ணிக்கையில் வராது.

கழுவுவதை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், போடிபை தண்ணீரிலும் ஒளிரும். நைல் ரெட் என்ற இன்னொரு கொழுப்புச் சாயம் அப்படியல்ல. தண்ணீரில் அது அணைந்தே கிடக்கும், எண்ணெயில் கரைந்தால்தான் ஒளிரும். நைல் ரெட்டில் பழகிய கை 'கழுவாமலே பார்த்துவிடலாம்' என்று போடிபையிடம் வரும்போது படம் முழுக்கப் பச்சை மூட்டம்தான். ஒய்பிடி என்ற வழக்கமான ஈஸ்ட் ஊடகத்துக்கும் சுய ஒளிர்வு உண்டு. அதில் வளர்த்திருந்தால் சாயத்துக்கு முன் கழுவுவதையும் தவிர்க்க முடியாது.

இன்னொரு பொறி, ஆட்டோ கான்ட்ராஸ்ட். மேலே சொன்ன டிஜிஏ1, எல்ஆர்ஓ1, ஏஆர்இ1, ஏஆர்இ2 ஆகிய நான்கு நொதிகளின் ஜீன்களையும் நீக்கிய ஸ்ட்ரெயினில் (ஈஸ்ட் வகையில்) கொழுப்புத் துளியே கிடையாது. ஆச்சரியமாக, செல் உயிரோடு வளரவும் செய்கிறது. எந்த ஆய்வகமும் வைத்திருக்க வேண்டிய எதிர்மறைக் கட்டுப்பாடு அது. அதில் போக இடமில்லாத சாயம் சவ்வுகளில் தங்கி, கருவைச் சுற்றி ஒரு வளையமும் ஓரத்தில் ஒரு கோடுமாக மெல்லிய ஒளியைக் காட்டும். மென்பொருள் தானாக வெளிச்சத்தை ஏற்றினால் அந்தக் கோட்டின் தடித்த இடங்கள் துளி போலவே தெரியும். ஆகவே வளர்ச்சி நின்ற நிலைக்கட்டத்துக் காட்டுவகை (ஜீன் மாற்றாத) செல்லை வைத்து எக்ஸ்போஷரை ஒருமுறை தீர்மானித்து, மற்ற எல்லாவற்றையும் அதே அளவில் எடுங்கள். நேர்மறைக் கட்டுப்பாட்டுக்கு, எண்ணெயைத் தண்ணீரில் கலக்க உதவும் ட்வீன் 80 சேர்த்துக் கலக்கிய 0.1 சதவீத ஒலியிக் அமிலத்தில் சில மணிநேரம் வளர்த்த காட்டுவகை போதும். செல்லின் வெளியே ஒட்டியிருக்கும் ஒலியிக் அமிலமும் பச்சையாக ஒளிரும் என்பதால், கொழுப்பு அமிலம் நீக்கிய பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதம்) 0.5 சதவீதம் கலந்த கரைசலில் கழுவிய பிறகே சாயம்.

ஒளியில் வெளிறுவது இதன் உண்மையான பலவீனம். லேசரைக் கூட்டி வைத்து நேரம் கடத்தினால் துளிகள் கண்ணெதிரே மங்கும். அதைவிடக் கெட்டது, அடித்த ஒளியில் சாயத்தின் ஒரு பகுதி உருமாறிச் சிவப்பில் ஒளிர ஆரம்பிக்கும். முதலில் பச்சை, பிறகு சிவப்பு என்று படம் எடுப்பவர்களுக்கு, உங்கள் எம்செர்ரி (சிவப்பில் ஒளிரும் அடையாளப் புரதம்) ஒட்டிய புரதம் எல்லாத் துளியிலும் அழகாக உட்கார்ந்திருப்பதாக ஒரு பொய்ப் படம் கிடைக்கும். வரிசையை மாற்றிச் சிவப்பை முதலில் எடுங்கள். எம்செர்ரி இல்லாத, சாயம் மட்டும் ஏற்றிய செல்லையும் அதே வரிசையில் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

பச்சையில் ஒளிரும் ஜிஎஃப்பி புரதம் ஒட்டிய ஸ்ட்ரெயின்களுக்கு இதை வாங்கவே வேண்டாம். இரண்டும் ஒரே சேனல். இஆர்ஜி6 புரதம் கொழுப்புத் துளியின் அடையாளமாகப் பரவலாகப் பயன்படுகிறது. உங்களிடம் இருப்பது இஆர்ஜி6-எம்செர்ரி என்றால் போடிபை பொருந்தும். இஆர்ஜி6-ஜிஎஃப்பி என்றால் 405இல் தூண்டப்பட்டு நீலத்தில் ஒளிரும் மோனோடான்சைல்பென்டேன் சாயம்தான் வழி. டபிள்யூ303 ஸ்ட்ரெயின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. அதில் ஏடிஇ2 ஜீன் பழுதானது. அடினின் குறைந்தால் வேக்குவோலில் சிவப்பு நிறமி சேர்ந்து, சாயமே இல்லாமல் ஒளிரும். ஊடகத்தில் அடினினைக் கூட்டிப் போடுங்கள், அல்லது பிஒய்4741 ஸ்ட்ரெயினுக்கு மாறுங்கள்.

நிலைப்படுத்திய செல்லில் பயன்படுத்தலாமா? 3.7 சதவீத ஃபார்மால்டிஹைடில் 10-15 நிமிடம் வைத்துக் கழுவிச் சாயமேற்றினால் துளிகள் தெரியும். பின்புல ஒளி கொஞ்சம் கூடும். ஃபார்மால்டிஹைடு புரதத்தைத்தான் பிடித்து நிறுத்துகிறது, எண்ணெயை அல்ல என்பதை மறக்கக் கூடாது. மெத்தனால், அசிட்டோன், டிரைட்டான் (சவர்க்காரம் போன்ற பொருள்) இவற்றில் எது பட்டாலும் கொழுப்பு கரைந்து போகும் அல்லது துளிகள் ஒன்றோடொன்று சேரும். முடிந்தவரை உயிருள்ள செல்லில், சாயமேற்றிய அரை மணிக்குள் பார்த்துவிடுவது நல்லது. உள்ளே ஒரே சீராக, துளி தெரியாமல் முழுக்கப் பச்சையாக நிரம்பிய செல்கள் கொழுத்தவை அல்ல, செத்தவை. எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

சாயத்தின் மேல் பழி விழுந்தாலும் சாயத்துக்குச் சம்பந்தமே இல்லாத குளறுபடிகள் இரண்டு. ஒன்று, வளர்ச்சிக் கட்டம். வேகமாக வளரும் கட்டத்தில் துளிகள் சிறியவை, டிரைகிளிசரைடு குறைவு, நிலைக்கட்டத்தில் பெருத்துவிடும். நிலைக்கட்டச் செல்லைப் புதிய ஊடகத்தில் போட்டால் சில மணிநேரத்துக்குள் மறுபடி சுருங்கும். மெதுவாக வளரும் ஒரு மியூட்டன்ட்டையும் வேகமாக வளரும் காட்டுவகையையும் 'இரவு முழுக்க வளர்த்தது' என்று ஒப்பிட்டால், பார்ப்பது ஜீனின் விளைவை அல்ல, கடிகாரத்தின் விளைவை. ஓடியைச் சமமாக்கி, வளர்ச்சி வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டையும் எடுங்கள். மற்றொன்று, ஊடகத்தில் இருக்கும் இனோசிட்டால் என்ற ஊட்டப்பொருள். வழக்கமான ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ் ஊடகத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இனோசிட்டால் இருக்கும். அது இல்லாத தயாரிப்பும் தனியாக விற்பனைக்கு உண்டு. செய்பின் புரதம் (ஈஸ்ட்டில் எஃப்எல்டி1 அல்லது எஸ்இஐ1) இல்லாத ஸ்ட்ரெயினில், இனோசிட்டால் இல்லாதபோது ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்டும் ராட்சதத் துளிகள் அதிகம். இனோசிட்டால் இருந்தால் சின்னத் துளிகள் கொத்தாக ஒட்டிக் கிடப்பது அதிகம். ஒரே ஸ்ட்ரெயின், ஒரே சாயம், இரண்டு வேறு முடிவுகள். எந்த டப்பாவிலிருந்து ஊடகம் கலந்தீர்கள் என்பதை நோட்டில் எழுதி வைக்காதவர் சாயத்தைத் திட்டுவார். இதே செய்பினின் மனித ஜீன் பழுதானால் உடலில் கொழுப்புத் திசுவே சரியாக உருவாகாத பிறவிக் கோளாறு வருகிறது. அந்த நோயின் அடிப்படையைத் துருவ ஈஸ்ட்டின் துளிகள் பெரிதும் உதவின.

செயலில் இருக்கும் சேமிப்பைப் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தச் சாயம் நன்றாகக் கை கொடுக்கிறது. நிலைக்கட்டச் செல்லைப் புதிய ஊடகத்தில் நீர்த்து, மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் செருலெனின் சேர்த்துப் புதுக் கொழுப்பு அமில உற்பத்தியை நிறுத்திவிட்டால், செல் தன் கையிருப்பைத்தான் செலவழித்தாக வேண்டும். 0, 2, 4, 6 மணிக்கு எடுத்துப் பார்த்தால் காட்டுவகையில் துளிகள் கரைந்துகொண்டே போகும். டிஜிஎல்3, டிஜிஎல்4 இரண்டும் இல்லாததில் அப்படியே இருக்கும். ஒரு எச்சரிக்கை: செல் பிரியும்போது துளிகளும் மொட்டுக்குப் பங்கு போகும். உடைப்பே நடக்காவிட்டாலும் செல்லுக்கான அளவு குறைந்தது போலத் தெரியும். செல் எண்ணிக்கையையும் சேர்த்து எடுத்து, கல்ச்சரின் மி.லி. கணக்கில் போடுங்கள்.

துளியின் குறுக்களவை அளக்கிறோம் என்று படத்தில் கோடு போடுபவர்களுக்கு, முன்பு சொன்ன எல்லை இங்கே இடிக்கும். 250 நானோமீட்டருக்குக் கீழே எல்லாத் துளியும் ஒரே அளவாகத்தான் தெரியும். அங்கே ஒளியின் மொத்தச் செறிவை ஒப்பிடலாம், அகலத்தை அல்ல. கொத்தாக ஒட்டியவை ஒரு பெரிய துளியாகத் தெரிவதும் உண்டு. சந்தேகம் வந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத்தான் போக வேண்டும். செல்களின் ஒளியை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் 488 லேசர், 530/30 ஃபில்டர், பத்தாயிரம் செல் என்று ஓட்டலாம். அதற்கு முன் சற்றே சோனிகேட் செய்து (மீயொலியால் அதிரவைத்து) ஒட்டிய செல்களைப் பிரித்து, சராசரிக்குப் பதில் மீடியனை (நடு மதிப்பை) எடுத்தால் எண்கள் நம்பும்படி இருக்கும்.

எண்ணெய் ஈஸ்ட்டுகளுக்கு வந்தால் எங்கள் மதிப்பீடு மாறுகிறது. உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ப்பவை அந்த வகை: யாரோவியா லிப்போலைட்டிகா, ரோடோடொருலா டோருலாய்டிஸ், லிப்போமைசிஸ் ஸ்டார்கியி. நைட்ரஜனைப் பட்டினி போட்டு கார்பனை வாரி வழங்கினால் (கார்பன்-நைட்ரஜன் விகிதம் 80-100 அளவில்) செல்லின் பெரும்பகுதியை ஓரிரு துளிகளே அடைத்துவிடும். இங்கே மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் போடிபை பற்றாது. இருக்கும் சாயத்தை ஏராளமான எண்ணெய் பங்கு போட்டுக்கொள்வதால், செல் அதிகமான குழாயில் ஒவ்வொரு செல்லும் மங்கலாகத் தெரியும். கொழுப்பு குறைந்துவிட்டதாகப் படிப்பீர்கள். செல்லைக் குறைத்து, சாயத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒளி இதற்கு மேல் ஏறவில்லை என்ற இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நிற்க வேண்டும். ரோடோடொருலாவின் கரோட்டினாய்டுகள் 450-500 நானோமீட்டர் ஒளியைத் தாமே விழுங்குவது இன்னொரு இடைஞ்சல். லிப்போமைசிஸின் வழவழப்பான உறை சாயம் நுழைவதைத் தாமதப்படுத்தும். நூற்றுக்கணக்கான ஸ்ட்ரெயின்களை 96 குழித் தட்டில் சலிக்கும் வேலைக்கு நைல் ரெட்தான் சரி: விலை மலிவு, கழுவ வேண்டாம். ஈஸ்ட் சுவரைத் தாண்ட அதற்குக் கொஞ்சம் டிஎம்எஸ்ஓ உதவி தேவை, ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் அந்த அளவு வேறுபடும். தவிர, சவ்வுகளில் சிவப்பாகவும் எண்ணெயில் மஞ்சளாகவும் பரந்த பட்டையில் ஒளிர்வதால், இன்னொரு ஒளிர்புரதத்தோடு சேர்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் வேலைக்கு அது தொல்லை.

கடைசியில், 'எவ்வளவு' என்ற கேள்வி. டிஜிஏ1, எல்ஆர்ஓ1 இல்லாத ஸ்ட்ரெயினில் ஸ்டெரால் எஸ்டர் துளிகள். ஏஆர்இ1, ஏஆர்இ2 இல்லாததில் டிரைகிளிசரைடு துளிகள். போடிபைக்கு இரண்டும் பச்சைதான். பிரித்துச் சொல்ல டிஎல்சி (மெல்லடுக்கு வண்ணப்பிரிகை) தட்டு வேண்டும். 0.5 மி.மீ. கண்ணாடி மணிகளோடு செல்லை உடைத்து, குளோரோஃபார்ம்-மெத்தனால் 2:1இல் கொழுப்பைப் பிரித்து, 0.9 சதவீத உப்புக் கரைசலால் கழுவி, நைட்ரஜனில் உலர்த்தி, ஹெக்சேன்-டைஎத்தில் ஈதர்-அசிட்டிக் அமிலம் 80:20:1இல் ஏற்றினால், மேலே ஸ்டெரால் எஸ்டர், அதற்குக் கீழே டிரைகிளிசரைடு, பிறகு கொழுப்பு அமிலம், தொடங்கிய இடத்திலேயே பாஸ்போலிப்பிட். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். குளோரோஃபார்ம் அதிலிருந்து இழுக்கும் பொருள் தட்டில் ஒரு போலிப் பட்டையாக நிற்கும். அயோடின் ஆவி நிறைவுறாக் கொழுப்பை நன்றாகக் காட்டும். இந்த ஈஸ்ட்டின் கொழுப்பில் பெரும்பகுதி பால்மிட்டோலியிக், ஒலியிக் அமிலங்கள் என்பதால் பார்வைக்கு அதுவே போதும். அளவெடுக்க வேண்டுமென்றால் தட்டைக் கருக்க வேண்டும், பக்கத்து வரிசையில் தெரிந்த அளவு டிரைஓலியினும் (ஒப்பிடுவதற்கான டிரைகிளிசரைடு) வேண்டும்.

வாங்கும்போது சிஏஎஸ் எண் (வேதிப்பொருளின் பதிவு எண்) 121207-31-6ஐ வைத்துத் தேடுங்கள். அதே மூலக்கூறு வேதிப்பெயரில் வேறு விற்பனையாளர்களிடமும் கிடைக்கிறது, விலை வித்தியாசமும் உண்டு. போடிபை என்ற பெயரில் ஒரு குடும்பமே இருக்கிறது: கொழுப்பு அமிலத்தோடு இணைத்த சி12 வகைகளை செல் தன் வளர்சிதை மாற்றத்துக்குள் இழுத்துக்கொள்ளும், 581/591 சி11 கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தை அளப்பது. துளியைச் சாயமேற்ற வேண்டியது வால் எதுவும் இல்லாத 493/503 மட்டும். ஆர்டர் படிவத்தில் அந்த எண்ணைச் சரிபார்த்துவிட்டு, 10 மில்லிகிராமுக்கு மேல் வாங்காதீர்கள்.